திரையில்லாக் குடும்பம்

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. குட்டிப் பையன் கையில இருக்கற போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. மூக்குல முட்டுது பாருங்க. என்ன வயசு ஆச்சு? ஒன்றரையா? ஒன்றரை வயசுக்குப் போன் குடுக்கலாமுங்களா? கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க, எனக்கு இதைப் பார்த்தா வாய் சும்மா இருக்காது. கோபி டவுன்ல இந்த விசயம்னாலே என்னைத்தான் கூப்புடுவாங்க. குட்டித்தும்பி ப்ளே ஸ்கூல் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல பெற்றோர் பேரவைக்கு ஒருங்கிணைப்பாளர் நான்தான். பேரு செங்கோட்டுவேல். மார்க்கெட்டுப் பக்கம் பாத்ரூம் டைல்ஸ் கடை.

ஐயோ, பிடுங்காதீங்க, பிடுங்காதீங்க. பாருங்க, உதடு பிதுங்குது. குடுத்துருங்க. இன்னைக்கு ஒரு நாள், அந்தியூர் போற வரைக்கும் பார்த்துட்டுப் போகட்டும். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட வைங்க, இந்த பஸ் இரைச்சல்ல பாவம் அவனுக்கு ஒண்ணுமே கேக்கலை. அந்த யானைப் பாட்டு எங்க பாப்பாவுக்கும் பிடிக்கும். இதுக்கு அடுத்து முயல் வரும் பாருங்க.

மணி என்னாச்சுங்க? இல்லை, என்கிட்ட போன் இல்லீங்க. தொலையலை, நானாத்தான் கடை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டு வந்தேன். மாமனார் உத்தரவு. கை பாருங்க, தானாப் பாக்கெட்டுக்குப் போகுது, தானாத் திரும்பி வருது. பழக்கம்.

சம்சாரமும் பாப்பாவும் அந்தியூர்ல மாமனார் வீட்ல இருக்காங்க. போயிப் பத்து நாளுக்கு மேல ஆகுது. இன்னைக்குக் கூட்டிட்டு வரப் போறேன். மாமனார் நல்ல மனுசன், மரியாதையாத்தான் பேசுவாரு. "மாப்பிள்ளை, போனைக் கடையில வச்சுட்டு வாங்க. வாசல்ல நில்லுங்க. பாப்பா தானா வந்து உங்க காலைக் கட்டிக்கிச்சுன்னா, சாப்பிட்டுட்டு மூணு பேரும் சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்புங்க. வரலைன்னா, வர்ற வரைக்கும் இங்கயே தங்குங்க"ன்னாரு. அவ்வளவுதான் நிபந்தனை. வருவா. ஏன் வராம போறா? பெத்த அப்பன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனருங்க. நம்ம பஸ் எடுக்கும்போது பஸ் ஸ்டாண்டு எதிருல பார்த்தீங்களா? பச்சை கலர்ல, கம்பத்துக்குக் கம்பம் அகலமா? ஒரு ஆளு கோட்டுப் போட்டுக்கிட்டு, பக்கத்துல சம்சாரம், மடியில பையன், பையன் கையில களிமண் யானை. "இந்த ஆண்டின் திரையில்லாக் குடும்பம்"னு போட்டிருக்கும். அவன் பல் டாக்டர். பேரு குகன். அந்த எடத்துல நாங்க நிக்க வேண்டியதுங்க. சட்டைகூட எடுத்து வச்சிருந்தேன்.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன், கேளுங்க. பாப்பா பேரு தன்விகா. ரெண்டே கால் வயசுல ஸ்கூல்ல சேர்த்தப் போனோம். சாருலதா மேடம்தான் கரஸ்பாண்டன்ட். டேபிள் மேல ரெண்டு போன் வச்சிருந்தாங்க. ஒண்ணு ஸ்கூலுக்கு, ஒண்ணு ஸ்கூலோட பேஜுக்கு. ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டே, "வீட்ல குழந்தைக்குப் போன் தருவீங்களா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வி வரும்னு வெளிய உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னோம். நான் ஒரு படி மேல போயி, "பாப்பா போனையே பார்த்ததில்லைங்க மேடம்"னு சொன்னேன். கோகிலா, அதான் என் சம்சாரம், என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் பார்க்கலை.

மேடம் பாப்பா கையில ஒரு படப் புஸ்தகத்தைக் குடுத்தாங்க. பாப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துச்சு. அப்புறம் ஆள்காட்டி விரலை நீட்டி, பக்கத்தோட அடியில வலது மூலையை அமுக்கிச்சு. ஒண்ணும் நடக்கலை. மறுபடியும் அமுக்கிச்சு. விளம்பரம் வந்தா தள்ளி விடறதுக்கு அங்கதானுங்க அமுக்குவாங்க? அது புஸ்தகத்தையே விளம்பரம்னு நெனச்சிருச்சு. எனக்கு வேர்த்துப் போச்சு. மேடம் சிரிச்சாங்க. "பரவாயில்லை சார். காலையில இருந்து வந்த குழந்தைங்க எல்லாம் அதே மூலையைத்தான் அமுக்கிச்சு. அந்த மூலையில மட்டும் அழுக்கு ஏறியிருக்கு பாருங்க"ன்னாங்க. உண்மைதானுங்க, கறுப்பா இருந்துச்சு. அட்மிசன் கெடைச்சிருச்சு.

அப்பத்தான் மேடம் இந்த இயக்கத்தை ஆரம்பிச்சாங்க. "திரையில்லாத் தளிர்கள்". பெத்தவங்க எல்லாரும் நின்னு கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். ஒரு கையைத்தான் நீட்டினோம், இன்னொரு கையில அதை வீடியோ எடுத்துட்டிருந்தோம். பேரவைக்கு ஒருங்கிணைப்பாளர் வேணும்னாங்க. யாரும் கை தூக்கலை. நான் தூக்கினேன். சமூகத்துக்கு நாமளும் ஏதாச்சும் செய்யோணுமில்லீங்களா?

பிள்ளைங்களுக்கும் புரியோணும்னு ஸ்கூல்ல பெரிய டிவி வாங்கிப் போட்டாங்க. போன் பார்த்தா கண்ணு கெட்டுரும், மூளை கெட்டுரும்னு ஒரு பொம்மைப் படம். கரடிக் குட்டி ஒண்ணு போன் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கும். ஒரு நாளும் ஒரு எடத்துல உக்காராத பிள்ளைங்க, அந்தப் படம் ஓடறப்ப மட்டும் அசையலையாமா. மிஸ்ஸுங்க எல்லாம் நிம்மதியாச் சாப்பிட்டாங்களாம். மேடத்துக்கு அவ்வளவு சந்தோசம். தினமும் மத்தியானம் போட ஆரம்பிச்சுட்டாங்க. இப்பவும் போடறாங்க. எங்க பாப்பாவுக்கு அந்தக் கரடி மேல உசுரு. வீட்டுக்கு வந்தா போன்ல அதைப் போடச் சொல்லி அழும். விழிப்புணர்வுப் படம்தானேன்னு நானும் போட்டு விடுவேன்.

சரி, போட்டிக்கு வர்றேன். போன் இல்லாம பிள்ளை விளையாடறதை தினமும் சாயங்காலம் வீடியோ எடுத்து குரூப்புல போடோணும். அதை ஸ்கூல் பேஜுலயும் ஏத்துவாங்க. அங்க யாருக்கு அதிக லைக் வருதோ, அதுல இருந்து கடைசிச் சுற்றுக்கு எடுப்பாங்க. ஆண்டு விழாவுல முடிவு. ஜெயிச்சா பஸ் ஸ்டாண்டுல ஃப்ளெக்ஸ். இதைக் கேட்டதும் கோகிலா என்ன சொன்னா தெரியுமுங்களா? "ஏனுங்க, போன் இல்லாம விளையாடறதுக்கு எதுக்குங்க போன்?"னு கேட்டா. "அத்தாட்சி வேண்டாமா? சும்மா வாயில சொன்னா ஊரு நம்புமா?"ன்னேன். "ஊரு எதுக்குங்க நம்போணும்?"னா. அவளுக்கு இந்த நிர்வாகமெல்லாம் புரியாதுங்க. பி.காம். படிச்சவதான், இருந்தாலும் புரியாது.

ஸ்டாண்டு வாங்கினேன், வட்ட லைட்டு வாங்கினேன். மரப் பொம்மை, களிமண்ணு, பனை ஓலைக் கிலுகிலுப்பை, எல்லாம் ஆன்லைன்ல வரவழைச்சேன். சாயங்காலமானா கடையை வேலை செய்யற பையன்கிட்ட விட்டுட்டு வந்துருவேன். எந்த அப்பன் வருவான் சொல்லுங்க? குழந்தையோட நேரம் செலவழிக்கோணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. தினமும் செலவழிச்சேன்.

முதல்ல பாப்பா கேமராவைப் பார்த்துச் சிரிக்காது. களிமண்ணைத்தான் பார்த்துட்டிருக்கும். மூஞ்சி தெரியாட்டி யாரு லைக் போடுவா? அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். கோகிலா அவ போன்ல கரடிப் படத்தைப் போட்டு, என் தலைக்கு மேல பிடிச்சுக்குவா. பாப்பா அதைப் பார்த்து அப்படியே மலர்ந்து சிரிக்கும். கையில களிமண்ணு இருக்கும். "போன் இல்லாத சந்தோசம் இந்த முகத்துல தெரியுது"ன்னு பல் டாக்டர் சம்சாரமே கமெண்ட் போட்டாங்கன்னா பாருங்களேன். அப்புறம் கோகிலா பிடிக்க மாட்டேன்னுட்டா. கை வலிக்குதுன்னா. சரின்னு நான் ஆணியில மாட்டிட்டேன்.

சோறு ஊட்டறப்ப மட்டும் போன் குடுப்போம். அது கணக்குல வராதுங்க. அது போன் பார்க்கறது இல்லை, சாப்பிடறது.

நாள் ஆக ஆக பாப்பாவே தேறிருச்சு. நான் போனைத் தூக்கினா போதும், என்ன செஞ்சுட்டிருந்தாலும் விட்டுட்டு ஓடி வந்து களிமண் உருண்டையைக் கையில எடுத்துக்கிட்டு, தலையைச் சாய்ச்சு நிக்கும். போனை இறக்கினா உருண்டையைப் போட்டுட்டுப் போயிரும். "இன்னொரு தடவை கண்ணு"ன்னா இன்னொரு தடவை வரும். அழுதாக்கூட, "அழிச்சுட்டு இன்னொரு தடவை எடுத்துக்கலாம் சாமி"ன்னு சொன்னா கண்ணைத் தொடைச்சுட்டு வந்து நிக்கும். என்ன அறிவுங்க.

ஒரு நாள் பாருங்க. நான் டைல்ஸ் கம்பெனிக்காரனுக்கு மெசேஜ் அடிச்சுட்டிருக்கேன். பாப்பா கொல்லைப் பக்கம் இருந்து "ப்பா, ப்பா"ன்னு ஓடி வந்து என் வேட்டியைப் பிடிச்சு இழுத்துச்சு. போனா, துளசிச் செடியில ஒரு வெட்டுக்கிளி. நல்ல பச்சை, விரல் நீளம். பாப்பா மூச்சு விடாம அதைப் பார்த்துட்டு நிக்குது. இந்த மாதிரி வீடியோ பல் டாக்டருக்கு ஏழு ஜென்மத்துக்கும் கெடைக்காது. "இரு கண்ணு, அப்படியே இரு, அசையாத"ன்னு சொல்லிட்டு ஸ்டாண்டையும் லைட்டையும் எடுத்துட்டு ஓடி வந்தேன். லைட்டைப் போட்டதும் வெட்டுக்கிளி போயிருச்சு. பாப்பா செடியைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். அன்னைக்கு அது அழக்கூட இல்லை.

ஆனா அதுல இருந்து ஒண்ணு கத்துக்கிச்சு. என்கிட்ட எதையாச்சும் காட்டோணும்னா, முதல்ல வீடு முழுக்கத் தேடி என் போனை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்துரும். குடுத்துட்டுத்தான் கூப்புடும். முட்டியில சிராய்ச்சு ரத்தம் வந்தப்பகூட, அழுதுட்டே போய் போனை எடுத்துட்டு வந்து குடுத்துட்டு, அப்புறம் முட்டியைக் காட்டிச்சு. இந்தப் பொறுப்பு எந்தப் பிள்ளைக்கு வரும்? குரூப்புல சொன்னேன், எல்லாரும் கை தட்டற பொம்மை போட்டாங்க. கோகிலா மட்டும் அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. வயிறு சரியில்லைன்னு நெனைக்கறேன்.

இந்தாங்க தண்ணி, பையனுக்குக் குடுங்க. தொண்டை வறண்டிருக்கும். ஆமா, கண்ணை எடுக்காமலே குடிக்கறான் பாருங்க, சமத்து. அத்தாணி தாண்டிருச்சுங்களா? மணி என்ன? அப்படியே அந்த மேல் மூலையில மெசேஜ் ஏதோ வந்திருக்கு பாருங்க, உங்களுக்குத்தான். நான் பார்க்கலை, தானாக் கண்ணுல பட்டுச்சு.

ஆண்டு விழாவுக்கு வர்றேன். கல்யாண மண்டபம் பிடிச்சு நடத்தினாங்க. கடைசிச் சுற்றுக்கு நாங்களும் பல் டாக்டரும்தான். லைக்கு ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய சமம். அவன் கிளினிக்ல பல்லுப் பிடுங்க வர்றவங்களை எல்லாம் லைக் போடச் சொல்லியிருக்கான். வாயில பஞ்சு வச்சிருக்கறவன் மாட்டேன்னு சொல்லவா முடியும்? நான் டைல்ஸ் பார்க்க வர்றவங்ககிட்டத்தான் கேட்டேன். நாகரிகமா.

மேடை மேல மேடம் மைக்கைப் பிடிச்சு ஒரு புது விளையாட்டு சொன்னாங்க. பேரு "அப்பாவைக் கண்டுபிடி". கீழ ரெண்டு அப்பாக்களும் பக்கத்துல பக்கத்துல நிக்கோணும். கையில போன் இருக்கக் கூடாது. மேடையில இருந்து பிள்ளையை இறக்கி விடுவாங்க. எந்தப் பிள்ளை நேரா அவங்க அப்பாகிட்டப் போகுதோ, அந்தக் குடும்பம் ஜெயிச்சுது. சப்பை விளையாட்டு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கையில போன் இருக்கக் கூடாதுன்னாங்களா, நான் போனை ஸ்டாண்டுல மாட்டி, எனக்கு நாலடி தள்ளி ஓரமா வச்சு, வீடியோவைப் போட்டு விட்டுட்டு வந்து நின்னேன். பாப்பா என்கிட்ட ஓடி வர்றது பதிவாகோணுமில்லீங்களா?

பாப்பாவை இறக்கி விட்டாங்க. பாவாடை சட்டை போட்டு, தலையில பூ வச்சு, அம்சமா இருந்துச்சு. நான் ரெண்டு கையையும் விரிச்சு, "தங்கம், வா கண்ணு, அப்பாகிட்ட வா"ன்னேன். பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சுங்க, நல்லாவே பார்த்துச்சு. யாரோ தெரிஞ்ச மாமாவைப் பார்க்கற மாதிரிப் பார்த்துச்சு. பார்த்துட்டு என்னைத் தாண்டிப் போயிருச்சு. நேரா ஸ்டாண்டு முன்னாடி போய் நின்னு, தலையைச் சாய்ச்சு, கையில களிமண் உருண்டை பிடிக்கற மாதிரியே கையை வச்சுக்கிட்டு, போனைப் பார்த்துச் சிரிச்சு, "அப்பா"ன்னுச்சு.

மண்டபமே கை தட்டுச்சு. மேடம் மைக்குல "ஸோ ஸ்வீட்"னாங்க.

நீங்களே நியாயம் சொல்லுங்க தம்பி. அது யாரு போன்? என் போன்தானே? மண்டபத்துல எத்தனை போன் இருந்துச்சு, எல்லாரும் தூக்கிப் பிடிச்சுட்டுத்தானே நின்னாங்க? அத்தனையையும் விட்டுட்டு நேரா என் போனுக்குப் போயி "அப்பா"ன்னு சொல்லுதுன்னா, அது என்னைச் சொன்னதா, வேற யாரையாச்சும் சொன்னதா? இதைத்தான் மேடத்துக்கிட்ட வாதாடினேன். "விதி விதிதான் சார்"னுட்டாங்க.

பல் டாக்டர் பையன் நேரா அவங்கப்பன்கிட்டப் போயிட்டான். ஓடியே போயி நெஞ்சைக் கட்டிக்கிட்டான். எல்லாரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. நான் பக்கத்துல நின்னேனில்ல? அந்தாளு சட்டைப் பையில போனைத் திரை வெளிப்பக்கம் தெரியத் திருப்பி வச்சிருந்தான். மெல்லிசுத் துணி, உள்ள வெளிச்சம் மினுக்கு மினுக்குன்னு தெரியுது. யானைப் பாட்டு மெதுவா ஓடிட்டிருக்கு. கையில இருக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க, பையில இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே. பையன் கட்டிக்கிட்டது அப்பனையா, அந்தப் பையையா? இதுக்குப் பேரு ஏமாத்து வேலை இல்லீங்களா? இந்த மாதிரி ஆளுங்க இருந்தா, பிள்ளைங்களை எப்படிங்க நாம திருத்தறது?

வீடு வந்து சேர்ந்தோம். கோகிலா பாப்பாவைக் கீழ இறக்கினா. என் கையில இருந்த போனை வாங்கினா. ஹால்ல ஒரு சேர் கெடந்துச்சு, அதுல போனைச் சாய்ச்சு நிக்க வச்சா. என்னை எதிர்ச் சேர்ல உக்காருங்கன்னா. உக்காந்தேன். பாப்பாகிட்டக் கேட்டா: "தங்கம், அப்பா எங்க?"

பாப்பா போன் இருந்த சேரைக் காட்டிச்சு.

"நல்லாப் பாரு கண்ணு. அப்பா எங்க?"

மறுபடியும் அந்தச் சேரைத்தான் காட்டிச்சு. கோகிலா என்னைக் காட்டி, "அப்ப இது யாரு?"ன்னு கேட்டா. பாப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுது. அப்புறம் என் பக்கத்துல வந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, இதோ இங்க, என் இடுப்புக்கு மேல, சட்டையோட வலது மூலையில ஒரு அமுக்கு அமுக்கிச்சு. ஒண்ணும் நடக்கலை. இன்னொரு தடவை அமுக்கிச்சு.

விளையாட்டுப் பிள்ளைங்க. நான் சிரிச்சுட்டேன். கோகிலா சிரிக்கலை. மறுநாள் காலையில பையை எடுத்துக்கிட்டு அந்தியூர் பஸ் ஏறிட்டா. ஃப்ளெக்ஸ் கெடைக்கலைங்கற வருத்தம் அவளுக்கு. பாவம், அவளும் எவ்வளவு நாள் கை வலிக்க வலிக்கப் பிடிச்சா. எனக்கு மட்டும் வருத்தம் இல்லீங்களா? "அடுத்த வருசம் ஜெயிச்சுக்கலாம் அம்மிணி"ன்னு தினமும் மெசேஜ் அனுப்பினேன். பதிலே இல்லை. வீடியோ கால் போட்டா எடுக்க மாட்டேங்கறா. அதுதான் கஷ்டமாப் போச்சு. பாப்பா மூஞ்சியைப் பார்த்துப் பத்து நாளாச்சுங்க. பழைய வீடியோதான் பார்த்துட்டிருந்தேன். இப்ப அதுவும் டிராயர்ல.

வீடு என்னவோ மாதிரி இருக்குது. நேத்து கொல்லைப் பக்கம் போனேன். அந்தத் துளசிச் செடியில வெட்டுக்கிளி உக்காந்திருக்கு. அன்னைக்கு வந்ததேதானா, வேறயான்னு தெரியலை. போன் கையில இருந்துச்சு, ஆனா வீடியோ எடுக்கத் தோணலை. காட்டறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா? கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். அது பாட்டுக்கு இருந்துச்சு. போகவே இல்லை.

என்னமோ சொல்ல வந்தேன், மறந்துட்டேன். ஊர் வந்திருச்சு. நீங்களும் இங்கதானே எறங்கறீங்க? தம்பி, ஒரு சின்ன உதவி. மாட்டேன்னு சொல்லக் கூடாது. மாமனார் வீடு பஸ் ஸ்டாண்டுல இருந்து ரெண்டாவது தெருதான். ஒரு அஞ்சு நிமிசம் கூட வாங்க. காப்பி குடிச்சுட்டுப் போலாம். நான் வாசல்ல நிக்கறப்ப, பாப்பா ஓடி வர்றதை உங்க போன்ல ஒரு வீடியோ எடுத்துக் குடுங்க. என் கையிலதான் போன் இருக்கக் கூடாது, உங்க கையில இருக்கக் கூடாதுன்னு மாமனார் சொல்லலையே.

குட்டிப் பையனை நான் வேணா எறக்கி விடறேன், வாங்க. அழாத சாமி, மாமா போனை உடனே திருப்பிக் குடுத்துருவேன்.

நீங்க தள்ளி நிக்க வேண்டாம் தம்பி. சரியா என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கங்க. போனை என் தோளுக்கு மேல, இப்படி, மூஞ்சிக்குப் பக்கத்துல பிடிச்சுக்கங்க. அப்பத்தான் பாப்பா நேரா என்கிட்ட வர்ற மாதிரி விழும். போன் வெளிச்சம் பாப்பாவுக்கு நல்லாத் தெரியற மாதிரி வைங்க.

முதல் தடவை வரலைன்னாலும் ஒண்ணுமில்லை, நீங்க போனை இறக்கிராதீங்க. அழிச்சுட்டு இன்னொரு தடவை எடுத்துக்கலாம்.